உறைபனியில் சூடான துண்டு: ஹாட் டப் பக்கத்தில் வைக்க ஒரு வெப்பப் பெட்டி

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வீட்டுக்குப் பின்னால் ஹாட் டப் எனப்படும் வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பனி கொட்டும் இரவிலும் அதில் இறங்குவார்கள். தண்ணீர் அதிகபட்சம் 40 டிகிரி செல்சியஸ். வெளியே மைனஸ் 10. உள்ளே இருக்கும்வரை சுகம்தான். தொட்டியிலிருந்து எழுந்து துண்டை எடுக்கும் அந்த அரை நிமிடம்தான் பாடாய்ப் படுத்தும். கம்பியில் தொங்கிய துண்டு அதற்குள் அட்டை மாதிரி விறைத்திருக்கும்.

சூடான துண்டு நம் உடம்புக்கு எவ்வளவு வெப்பம் தருகிறது? கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 600 கிராம் எடையுள்ள பெரிய டர்க்கி டவல் ஒன்று 50 டிகிரியிலிருந்து தோலின் வெப்பநிலைக்கு இறங்கும்போது சுமார் 14 கிலோஜூல் வெப்பத்தை விடும். தோலின் மேல் இருக்கும் நீரில் வெறும் 6 கிராம் ஆவியானாலே அவ்வளவு வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். அதே துண்டு மைனஸ் 10 டிகிரியில் இருந்தால், உடம்பின் சூட்டுக்கு வருவதற்குள் 35 கிலோஜூல் வரை உறிஞ்சும். ஆக, சூடான துண்டு கொடுப்பது கொஞ்சம். பறிக்காமல் விடுவது அதிகம். நன்றாக உலர்ந்திருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. பருத்தி இழை ஈரத்தை உள்ளிழுக்கும்போது வெப்பம் வெளிவரும். முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ பருத்தி நனையும்போது ஏறக்குறைய 46 கிலோஜூல் வெளிவருகிறது. அதனால் பெட்டி செய்யும்போது சூட்டைவிட உலர்வையே முதலில் நினைக்க வேண்டும்.

உலர்வு விஷயத்தில் குளிர்காலம் நம் பக்கம். மைனஸ் 10 டிகிரிக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 2 சதவீதத்துக்கு வந்துவிடும். வெளிக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து போனாலே போதும், துணி தானாகக் காயும். அதைக் கெடுப்பது இரண்டு: தொட்டியிலிருந்து எழும் ஆவி, துடைத்த பிறகு திரும்ப உள்ளே போடும் ஈரத்துண்டு. ஒரு துண்டில் 100 கிராம் நீர் இருந்தால் அதை ஆவியாக்க மட்டும் 240 கிலோஜூல் செலவாகும். இரண்டு உலர்ந்த துண்டுகளை மைனஸ் 10 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 100 கிலோஜூல்கூட ஆகாது. எனவே ஈரத்துண்டுக்குத் தனிக் கொக்கி போடுங்கள். பெட்டியைக் காற்று வரும் திசையில் வையுங்கள். ஆவி எதிர்ப்பக்கம் போகும்.

இனி பெட்டி. உள்ளளவு 55 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், 35 செ.மீ. ஆழம். இரண்டு பெரிய துண்டுகளுக்கு இது தாராளம். வெளிச்சுவர் 12 மி.மீ. தடிமனுள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பிளைவுட். அதன் உள்ளே 50 மி.மீ. தடிமனுள்ள, அலுமினியத் தாள் ஒட்டிய, வெப்பத்தை வெளியே விடாத பாலிஐசோ ஃபோம் பலகை. நீல நிறத்தில் கிடைக்கும் பாலிஸ்டைரீன் பலகையும் வெப்பத்தைக் காக்கும்தான். ஆனால் அது 74 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் இளகிக் குழிந்துவிடும். உள்பக்கம் தடித்த அலுமினியத் தகடு அடிக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு மி.மீ. தகட்டால் உள்சுவர் முழுக்க மூடினால் மூன்று கிலோ உலோகம் சேரும்; ஒவ்வொரு முறையும் துண்டுகளுக்கு ஆவதைவிட அதிக வெப்பத்தை அந்தத் தகடே குடித்துவிடும். ஃபோமின் மேல் ஒட்டியிருக்கும் தாளே போதும். தரையிலும், சுவர்களின் கீழ் 15 செ.மீ. உயரத்துக்கும் மட்டும் 6 மி.மீ. சிமெண்ட் பலகை பதியுங்கள். ஃபோம் எரியக்கூடிய பொருள். ஹீட்டருக்கு முன் அதை நிர்வாணமாக விடக் கூடாது.

கதவு முன்பக்கம் இருக்கட்டும். மேல்மூடி வைத்தால் திறக்கும்போதெல்லாம் பனி நேராக ஹீட்டர் மேல் விழும். கதவைத் திறந்தால் சூடெல்லாம் போய்விடுமே என்று பலர் கவலைப்படுவார்கள். உள்ளே இருக்கும் 77 லிட்டர் காற்று எடுத்துக்கொண்டு போவது ஐந்தாறு கிலோஜூல்தான். மேற்கூரை பின்பக்கம் சரிந்து, முன்னால் 8 செ.மீ. நீண்டு நிற்கட்டும். அடியில் ஒரு 8 மி.மீ. துளை, கூரை விளிம்புக்குக் கீழே இன்னொன்று. இரண்டுக்கும் எஃகு வலை கட்டாயம். குளிர்காலத்தில் இதமான பெட்டி என்றால் எலிக்கு அது அரண்மனை.

இப்படிச் செய்த பெட்டியிலிருந்து, உள்ளே 50, வெளியே மைனஸ் 10 என்ற நிலையில், சுமார் 40 வாட் வெப்பம் வெளியேறும். 100 வாட் ஹீட்டர் போதும். 500 வாட் போட்டால் சீக்கிரம் சூடாகும் என்ற ஆசை வேண்டாம். துணி மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். கூடுதல் வாட் ஹீட்டருக்கு அருகில் இருக்கும் இழையைக் கருக்குமே தவிர, மடிப்பின் நடுவுக்குப் போகாது.

50 செ.மீ. நீளம், 33 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் கொண்ட அலுமினியத் தகட்டின் அடியில் 100 வாட் சிலிகான் ரப்பர் ஹீட்டரை ஒட்டுங்கள். தகட்டைத் தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் எஃகுக் கால்களில் நிறுத்தினால் இரு பக்கமும் வெப்பம் போகும், தகடு 80 டிகிரியை ஒட்டி நிற்கும். அதற்கு 8 செ.மீ. மேலே துருப்பிடிக்காத எஃகுக் கம்பித்தட்டு. துண்டு எந்த நிலையிலும் தகட்டைத் தொடக் கூடாது. குண்டு பல்பைப் போட்டுச் செய்யும் பழைய வழி இங்கேதான் சறுக்குகிறது: பல்பின் கண்ணாடி 100 டிகிரியைத் தாண்டும், ஒரு முனை சரிந்து அதன் மேல் விழுந்தால் துணி கருகும்.

மின்சுற்றில் மூன்று காவல் வரிசையாக நிற்க வேண்டும். கம்பித்தட்டுக்குப் பக்கத்தில் 50 டிகிரியில் அணைந்து 40-இல் திரும்ப எரியும் தெர்மோஸ்டாட். தகட்டின் மேல் 95 டிகிரியில் துண்டிக்கும், கையால் அழுத்தினால்தான் மீளும் சுவிட்ச். கடைசியாக, 110 டிகிரியில் நிரந்தரமாக அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ். இந்த ஃபியூஸின் கம்பியைச் சால்டரிங் செய்யாதீர்கள். அந்தச் சூட்டிலேயே அது உள்ளே அறுந்துபோகும், பெட்டி ஏன் வேலை செய்யவில்லை என்று நாள்கணக்கில் தேடுவீர்கள். நசுக்கிப் பொருத்தும் இணைப்பான் போடுங்கள். தகட்டுக்கு எர்த் கட்டாயம். சாதாரணப் பிவிசி ஒயர் கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். ரப்பர் உறையுள்ள மூன்றிழைக் கேபிளே சரி. அமெரிக்க மின்விதியின்படி பிளக் பாயிண்ட் தொட்டியின் உள்சுவரிலிருந்து குறைந்தது 1.83 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மின்கசிவுத் துண்டிப்பும் இருக்க வேண்டும். ஈர உடம்போடு தொட்டியில் இருந்தபடி கை நீட்டினால் எட்டாத இடத்தில் பெட்டி இருக்கட்டும். நிரந்தர ஒயரிங் என்றால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும்.

வெப்பம் 50-லேயே ஏன் நிற்க வேண்டும்? மருத்துவமனைகளில் போர்வை சூடாக்கும் அலமாரிகளுக்கு மருத்துவக் கருவிகளின் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் ஈசிஆர்ஐ அமைப்பு பரிந்துரைத்த உச்சம் 54 டிகிரி. துணி அதற்கு மேலும் இதமாகத் தெரியலாம். குளியல் அங்கியில் இருக்கும் ஜிப்பும் உலோகப் பொத்தானும் சுட்டுவிடும்.

மடிப்பதில்தான் பாதிப் பெட்டிகள் தோற்கின்றன. வெப்பம் துணியின் நடுவுக்குப் போக ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 3 செ.மீ. தடிமனுள்ள மடிப்பு ஏறக்குறைய 20 நிமிடத்தில் உள்வரை சூடாகும். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக 12 செ.மீ. அடுக்கினால், தடிமன் நான்கு மடங்கு, நேரம் பதினாறு மடங்கு. நடுவரை சூடாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கம் பக்கமாகத் தளர்வாகப் பரப்பி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அப்படி வைத்தால் தொட்டியில் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சுவிட்சைப் போட்டால் போதும். மொத்தச் செலவு 0.2 யூனிட்டைத் தாண்டாது.

மசாஜ் எண்ணெய் பட்ட துண்டை இந்தப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. சில தாவர எண்ணெய்கள் ஆக்சிஜனோடு சேரும்போது தாமே வெப்பம் விடும். மடிப்புக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும். துவைத்த பிறகும் எண்ணெய் வாடை இருந்தால் அந்தத் துண்டு வேறு வேலைக்கு.

முதல் நாள் சோதனைக்குப் பக்கத்திலேயே இருங்கள். காலிப் பெட்டியை நான்கு மணி நேரம் ஓட்டி, தகட்டிலும் கம்பித்தட்டிலும் வெப்பமானி வையுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு பழைய துண்டைத் தகட்டின் மேல் போட்டு, 95 டிகிரி சுவிட்ச் துண்டிக்கிறதா என்று பாருங்கள். துண்டிக்காவிட்டால் சுவிட்ச் தகட்டோடு நன்றாக ஒட்டவில்லை என்று பொருள். மாதம் ஒருமுறை இணைப்புகளைத் திறந்து பாருங்கள். குளோரின், புரோமின் ஆவி செம்பைப் பச்சையாக்கும், பச்சை பூத்த இணைப்பு சூடேறும்.

மின்சாரமே வேண்டாம் என்பவர்கள் ஐஸ் பெட்டியைத் தலைகீழ் வேலைக்குப் பயன்படுத்தலாம். வீட்டுக்குள் டிரையரிலிருந்து எடுத்த துண்டுகளையும், 70 டிகிரி நீர் நிரப்பிய இரண்டு லிட்டர் ரப்பர் பையையும் அதில் வைத்து மூடுங்கள். அந்த நீர் 40 டிகிரிக்கு இறங்குவதற்குள் 250 கிலோஜூல் தரும். மூடியை இடையில் திறக்காமல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சூடு நிற்கும்.