துவைக்கத் துவைக்கக் கறுக்கும் துணி

குழந்தையின் மூத்திரத் துணியில் பழுப்புக் கறை. சரி, சோப்புப் போட்டால் போய்விடும் என்று துவைத்தால் வெளுக்காமல் இன்னும் கறுத்துப்போகிறது. அல்காப்டோனூரியா என்ற அபூர்வமான பரம்பரை நோய் முதலில் இப்படித்தான் தலைகாட்டும்.

பருப்பு, முட்டை, மீன் என எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். உடல் அதைப் படிப்படியாக உடைக்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. நடுவில் உண்டாகும் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடைக்கும் நொதிக்கான மரபணு 3ஆவது குரோமோசோமில் இருக்கிறது, பெயர் ஹெச்ஜிடி. அது பழுதானால் அமிலம் உடையாமல் மூத்திரத்தில் வெளியேறி, காற்றுப் பட்டதும் கறுக்கும். சோப்பிலுள்ள காரம் அதை இன்னும் வேகப்படுத்தும். கறையால் ஆபத்தில்லை. உடம்பிலேயே தங்கிவிடும் அமிலம்தான் வருஷக்கணக்கில் குருத்தெலும்பில் படிந்து, முப்பது வயதுக்கு மேல் காது மடலை நீலம் பாய வைத்து, முதுகையும் முட்டியையும் தேய்த்துவிடுகிறது.

இந்த மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று நன்றாக இருந்தாலே வேலை நடந்துவிடும். அதனால் ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்தால், பிள்ளை பிறக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு காசைச் சுண்டுவது போலத்தான்: இரண்டிலும் பூ விழுந்தால் நோய், அதாவது நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று சிலர் நம்புகிறார்கள், அது தவறு. காசு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் விழும்.

1902இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட் கவனித்தது இதைத்தான். நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். தாத்தாவிடம் இருந்த ஒரே பழுது இரண்டு வழியாக இறங்கி ஒரே குழந்தையிடம் சேர்ந்துவிடுகிறது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி மனித நோய் ஒன்றுக்குப் பொருந்தியது அப்போதுதான். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே கட்டும் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. தமிழ்நாட்டு நரிக்குறவர் மக்களிடம் இந்த மரபணுவின் டிஎன்ஏ வரிசையில் ஓர் எழுத்து மட்டும் மாறிய பிழையை 2014இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள், ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. இதில் யார் குற்றமும் இல்லை. தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் எந்தச் சிறு சமூகத்திலும் இது நடக்கும்.

மருந்து? நிட்டிசினோன் என்ற மாத்திரைக்கு 2020இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அது மரபணுவைத் தொடுவதில்லை, அந்த அமிலம் உண்டாவதற்கு முந்தைய படியையே அடைத்துவிடுகிறது. அப்புறம் டைரோசின் ரத்தத்தில் ஏறிக் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால், மாத்திரையோடு புரதத்தையும் அளந்துதான் சாப்பிட வேண்டும்.