காலியிலிருந்து பறந்து வந்த செய்தி

1850களில் லண்டனில் கோப்பி என்ன விலைக்குப் போனது, கிரைமியாவில் சண்டை என்னவாயிற்று என்று கொழும்பு அறிய வேண்டுமானால், முதலில் இலங்கையின் தெற்கே உள்ள காலித் துறைமுகத்துக்குக் கப்பல் வரவேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பெரிய நீராவிக் கப்பல்கள் அங்கேதான் நின்றன. கொழும்புத் துறைமுகத்தின் முதல் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிய 1885 ஆகிவிட்டது. காலியில் இறங்கிய தபால் குதிரைக் கோச்சில் 72 மைல் குலுங்கி வரும். கொழும்புக் கோட்டையில் இருந்த கோப்பிக் கம்பனிக்காரருக்கும் செட்டியார் தெருவில் கடன் கொடுத்து வாங்கியவர்களுக்கும் அந்தத் தாமதம் காசு விஷயம்.

1850இல் சிலோன் ஒப்சேர்வர் பத்திரிகை இதற்குப் புறாவைப் பயன்படுத்தத் தொடங்கியது. கப்பல் செய்தியின் சாரத்தை மெல்லிய தாளில் எழுதிக் கட்டி விட்டால், புறா இரண்டு மணித்தியாலத்துக்குள் கொழும்பில் இறங்கிவிடும்.

ஆனால் புறாவுக்கு விலாசம் தெரியாது. தன் கூட்டுக்குத் திரும்ப மட்டுமே தெரியும். அதனால் கொழும்பில் வளர்ந்த பறவைகளைக் கூடையில் அடைத்துத் தரைவழியாகக் காலிக்கு முன்கூட்டியே அனுப்பவேண்டும். பறந்ததும் மறுபடி அதே வேலை. உண்மையில் பாடுபட்டவர்கள் கூடை தூக்கியவர்கள்தான்.

சரி, புறா எப்படி வழி பிடிக்கிறது? ஒன்று சூரியன். செயற்கை வெளிச்சத்தில் சில நாள் வைத்து அதன் பகலை ஆறு மணித்தியாலம் நகர்த்திவிட்டு வெளியே விட்டால், வீட்டுத் திசையிலிருந்து ஏறத்தாழ 90 பாகை விலகிப் பறக்கும். சூரியத் திசையை உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் அது கணக்குப் போடுகிறது. கடிகாரம் கால் நாள் பிழைத்தால் திசையும் கால் வட்டம் பிழைக்கும். மேகம் மூடினால் பூமியின் காந்தப்புலம் கைகொடுக்கிறது என்பதற்கும் சோதனைகள் உண்டு. ஆனால் திசை தெரிந்தால் போதாது, தான் நிற்கும் இடமும் தெரியவேண்டும். அதற்குக் காற்றில் வரும் வாசனைதான் வரைபடம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 1970களிலிருந்து சொல்கிறார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. காலி வழியில் கரையோரமே பெரிய அடையாளம், பழகிய புறாவுக்கு அதுவே பாதிவழி.

1858இல் கொழும்புக்கும் காலிக்கும் தந்திக் கம்பி வந்தது. கம்பி இரண்டு பக்கமும் பேசும், இரவிலும் பேசும், பருந்துக்குப் பயமில்லை. புறாவுக்கு வேலை போயிற்று. ஆனாலும் லண்டன் செய்தி காலியை எட்ட அப்போதும் வாரக்கணக்கில் ஆனது. சுருங்கியது அந்தக் கடைசி 72 மைல் மட்டும்.