சிறப்பு வகுப்பைக் கூட்டும் முன் கழித்தல் கணக்கைப் பாருங்கள்

காலாண்டு மதிப்பெண் வந்ததும் பெற்றோர் வைக்கும் கோரிக்கை எந்த ஆண்டும் மாறுவதில்லை: "டீச்சர், இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து உட்கார வைங்க." அப்படி ஒப்படைக்கப்பட்ட பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் 403-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்து 375 என்று எழுதினான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இந்தப் பிள்ளைதான் காலைச் சிறப்பு வகுப்பிலும் மாலைச் சிறப்பு வகுப்பிலும் இருபடிச் சமன்பாட்டைக் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

நேரம் போதாமல்தான் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து கைவிடுங்கள். 2001 முதல் 2003 வரை வடோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பால்சகி திட்டத்தை ஆராய்ந்தார்கள். அதில் பள்ளி நேரம் சற்றும் நீட்டப்படவில்லை. பின்தங்கிய 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே சுமார் 2 மணி நேரம் தனியே அழைத்து, அப்பகுதி இளம்பெண்கள் எழுத்தையும் எண்ணையும் அடியிலிருந்து கற்பித்தார்கள். முன்னேற்றம் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளிடமே தெரிந்தது. அவர்கள் வெளியே போனதால் கூட்டம் குறைந்த வகுப்பில் வழக்கமான பாடத்தையே கேட்டவர்களிடம் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

கூடுதல் நேரம் வீண் என்று நான் சொல்லவில்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் சிறு குழுக்களுக்குக் கற்பித்தார்கள். தமிழகக் கிராமங்களில் நடந்த ஆய்வின்படி, கொரோனாக் காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த 6 மாதங்களுக்குள் ஈடானது. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. நம் சிறப்பு வகுப்பிலோ, முழு வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்து, காலையில் நடத்திய பாடத்தையே மீண்டும் நடத்துகிறோம்.

தலைமையாசிரியர்களே, மதிப்பெண்ணை மட்டும் வைத்து 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாரிக்காதீர்கள். ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் கொடுங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு வகுப்பின்படி அல்லாமல், தடுமாறும் இடத்தின்படி குழு பிரியுங்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கழித்தல் சொல்லித்தருவதில் நமக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை, அவனை மற்றவர்கள் முன்னிலையில் கேலிக்கு ஆளாக்காமல் சொல்லித்தந்தால் போதும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதை இன்றே நிறுத்துங்கள். பெற்றோரே, வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்பதை விட்டு, என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். காலாண்டுத் தாள்களைக் கொடுத்த கையோடு இதைத் தொடங்கிவிட வேண்டும். அரையாண்டு முடிந்து திருப்புதல் தேர்வுகள் வந்துவிட்டால், கழித்தலுக்குத் திரும்பிப் போக எந்தப் பள்ளியும் நேரம் ஒதுக்காது.