இனிஷியேஷன்னா தீட்சையா?

ஃப்ரீமேசன்கிற சகோதர சங்கத்தைப் பத்தி தமிழ்ல எழுதுற பலபேர் ஒருத்தர் அதுல சேர்ந்ததை "தீட்சை பெற்றார்"னு போட்டுடுறாங்க, உறுப்பினரா சேர்க்கிற சடங்கான இனிஷியேஷனுக்கு சட்டுனு கைக்கு வர்ற சொல் அதுதானே. எனக்கு என்னவோ ஒட்டல. தீட்சைன்னா, சைவ நூல்கள்ல தீக்கைன்னு வரும், குருன்னு ஒருத்தர் இருக்கணும், தொட்டோ பார்த்தோ மந்திரம் சொல்லியோ அவர் சீடனுக்கு ஒண்ணு கொடுக்கணும். ஃப்ரீமேசன்கள் கூடுற அவையான லாட்ஜ்ல அப்படி குரு யாரும் கிடையாது.

லத்தீன்ல இனிரேன்னா உள்ளே போறது, அதுல வந்தது இனிஷியம், தொடக்கம்னு அர்த்தம். நம்ம பேருக்கு முன்னாடி நிக்குற இனிஷியலும் அதே குடும்பம்தான்.

சடங்கைப் பார்த்தாலும் உள்ள போறதுதான் விஷயமே. வாசல்ல உருவின வாளோட ஒரு காவலர். சேர வர்றவர்கிட்ட காசு, மோதிரம்னு உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, கண்ணைக் கட்டி கழுத்துல கயித்தைப் போட்டு, இடது முட்டி தெரியுற மாதிரி பேன்ட்டை சுருட்டிவிட்டு கூட்டிட்டுப் போவாங்க. என்ன வேணும்னு கேட்டா பதில் "வெளிச்சம்". கட்டை அவிழ்த்ததும் கண்ணு முன்னாடி வேதநூல், மூலைமட்டம், கவராயம். இந்தியாவுல கீதை, குர்ஆன், பைபிள்னு அவரவர் நூல்மேல உறுதிமொழி.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் வர்ற இடம். வடகிழக்கு மூலையில நிக்க வச்சு தர்மத்துக்கு ஏதாவது கொடுங்கன்னு கேப்பாங்க, ஆனா எல்லாத்தையும்தான் முன்னாடியே வாங்கி வச்சாச்சே, கொடுக்க அஞ்சு பைசா இருக்காது, இல்லைன்னு சொல்லியே ஆகணும். நாளைக்கு கஷ்டத்துல ஒருத்தன் உங்க முன்னாடி வந்து நிக்கும்போது இந்த நிமிஷத்தை நினைச்சுக்கோங்கன்னு அப்போ சொல்லுவாங்க.

ஆக சேர வந்தவர் அங்க எதையும் வாங்கிட்டு வரல, அவர்கிட்ட இருந்துதான் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் கையில கிடைக்கிறது வேலை: செதுக்காத கல்லு நீதான், சுத்தியும் உளியும் இந்தா, 24 அங்குல அளவுகோல் நாளோட 24 மணி நேரத்துக்கு. இது முதல் படி. ரெண்டாவது படி படிப்பு, அறிவு. மூணாவதுல சாலமன் கோயில் கட்டின ஹிராம் கொலையான கதையை தானே நடிச்சு சாவை நேருக்கு நேர் பார்க்கணும். நம்ம கட்டட சைட் கணக்குல சித்தாள், கொத்தனார், மேஸ்திரி! (மேஸ்திரி போர்ச்சுகீசியர் வழியா வந்தது, இங்கிலீஷ் மாஸ்டருக்கும் அதுக்கும் வேர் ஒண்ணுதான்.) லாட்ஜும் முதல்ல கல்தச்சர்கள் வேலை பார்த்த இடத்துல போட்ட கொட்டகைதான், நாமதான் அதை ரூம் வாடகைக்கு விடுற இடமாக்கிட்டோம்.

அதனால என் ஓட்டு புகுதலுக்கு. புதுமனை புகுவிழான்னு பத்திரிகை அடிக்கிற ஊர்ல அவைபுகுதல்னு சொன்னா புரியாதா என்ன? லத்தீன் வேருக்கும் அச்சா பொருந்துது. விவேகானந்தர் விஷயத்துல இது ரொம்பவே உதவும். நரேந்திரநாத் தத்தாவா இருந்தப்போ 1884-ல கொல்கத்தாவுல ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜ்ல சேர்ந்தார், அதை "தீட்சை பெற்றார்"னு எழுதினா படிக்கிறவன் ராமகிருஷ்ணர்கிட்டன்னுதான் நினைப்பான். லாட்ஜ் புகுந்தார்னு எழுதிட்டா அந்தக் குழப்பமே வராது.