சவப்பெட்டி மூலை

51,000 அடி உயரம். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 என்ற பிசினஸ் ஜெட் ஒன்று மாக் 0.85-ல், அதாவது ஒலிவேகத்தில் 85 சதவீதத்தில், போய்க்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 900 கிலோமீட்டர். ஆனால் விமானிக்கு எதிரே, திரையின் இடது ஓரத்தில் இருக்கும் வேகப் பட்டை 200 நாட் என்கிறது. மணிக்கு வெறும் 370 கிலோமீட்டர்!

கருவியில் பழுது எதுவும் இல்லை. மூக்குக்கு அருகில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்க்குள் காற்று எவ்வளவு பலமாக மோதுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. மோதுவதற்குப் போதிய காற்று இல்லை. இறக்கைக்கும் இதே கதைதான். விமானத்தைத் தாங்குவது அந்தக் காற்றுதான் என்பதால், இறக்கையைப் பொறுத்தவரை தான் ஏதோ 370-ல் போவதாகவே நினைப்பு.

பிசினஸ் ஜெட் என்றால் நமக்குத் தோல் இருக்கையும் மரவேலைப்பாடும் நினைவுக்கு வரும். அதை ஓட்டுகிறவருக்கு உலகம் என்பது அந்த வேகப் பட்டையும், அதன் மேலும் கீழும் உள்ள இரண்டு சிவப்பு எல்லைகளும்தான்.

கீழ் எல்லை ஸ்டால். வேகம் குறையக் குறைய, எடையைத் தாங்க மூக்கை இன்னும் தூக்க வேண்டியிருக்கும். ஓர் அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தாங்கும் விசை சரிந்துவிடும். காற்று மெலிய மெலிய, இதைத் தவிர்ப்பதற்கு வேண்டிய நிஜ வேகம் ஏறிக்கொண்டே போகிறது.

மேல் எல்லை ஒலிவேகம் சார்ந்தது. ஒலிவேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. தரையில் 15 டிகிரியில் மணிக்கு 1,225 கிலோமீட்டர். 36,000 அடிக்கு மேல் மைனஸ் 56 டிகிரிக் குளிரில் 1,062. வளைந்த இறக்கையின் முதுகில் ஏறும் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடும். ஆகவே விமானம் ஒலிவேகத்தைத் தொடுமுன்பே அந்த இடத்துக் காற்று தொட்டுவிடும். அங்கே அதிர்வலை உருவாகி, இறக்கை நடுங்கும். தாங்கும் விசையின் மையம் பின்னால் நகர்ந்து மூக்கு கவிழும். மூக்கு கவிழ்ந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் கவிழும். இதற்கு மாக் டக் என்று பெயர். லியர்ஜெட் என்ற பிசினஸ் ஜெட்டின் பழைய ரகங்களில் வேகம் வரம்பு மீறினால் விமானியைக் கேட்காமலே கட்டுப்பாட்டுக் கம்பைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு கருவியே உண்டு.

மேலே போகப் போக, தரை உயர்ந்துகொண்டும் கூரை தாழ்ந்துகொண்டும் வரும் அறை போல, இந்த இரண்டு எல்லைகளும் நெருங்கும். கடைசியில் இரண்டும் சந்திக்கும் புள்ளியைத்தான் விமானிகள் காஃபின் கார்னர் என்கிறார்கள்: சவப்பெட்டி மூலை. அங்கே வேகத்தைக் குறைத்தாலும் விழ வேண்டும், கூட்டினாலும் விழ வேண்டும். யு-2 உளவு விமானத்தின் விமானிகள் ஏறத்தாழ 10 நாட் இடைவெளிக்குள் மணிக்கணக்காகப் பறந்தவர்கள். பிசினஸ் ஜெட் அந்த மூலைக்கு முன்பே நின்றுகொள்ளும். ஆனாலும் மூலை இருக்கும் திசை விமானிக்கு மறக்காது. 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை 15 சதவீதம் கூடுதல் பாரம் சுமக்க வேண்டும். கீழ் எல்லை அந்தக் கணமே 7 சதவீதம் மேலேறும். அதனால்தான் உயரத்தில் ஆட்டோபைலட்டைப் பாதிச் சாய்வுக்கு மாற்றி, 15 டிகிரியில் நிதானமாகத் திருப்புகிறார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு அங்கே ஏன் போக வேண்டும்? மெல்லிய காற்றில் இழுவை குறைவு, எரிபொருள் மிச்சம் என்பது எல்லா ஜெட்டுக்கும் பொருந்தும். எல்லாவற்றாலும் ஏற முடியாது என்பதுதான் விஷயம். நாம் டிக்கெட் எடுத்து ஏறும் போயிங் 737-800-இன் இறக்கைப் பரப்பு சுமார் 125 சதுர மீட்டர். ஜி650-க்கு 119. ஏறக்குறைய ஒரே இறக்கை! ஆனால் முன்னது கிளம்பும்போது 79 டன் வரை எடை. பின்னது 45 டன். 737 அதிகபட்சம் 41,000 அடியோடு நின்றுவிட, இது அங்கே தொடங்குகிறது. அந்த 45 டன்னிலும் 20 டன் எரிபொருள்தான். எரிய எரிய எடை குறையும். 43,000, 45,000 என்று படிப்படியாக ஏறலாம். என்னைக் கேட்டால், இந்த விமானத்தின் உண்மையான ஆடம்பரம் இறக்கைதான், இருக்கை இல்லை.

மேலே கூட்டமும் இல்லை. 41,000 அடி வரை விமானங்களுக்கு இடையே 1,000 அடி செங்குத்து இடைவெளிதான். அது சிறிய ஜெட்டுக்கு எப்போதும் போதாது என்பதற்கு 2017 ஜனவரி 7 ஓர் உதாரணம். மாலத்தீவிலிருந்து அபுதாபிக்குப் போன சேலஞ்சர் 604 பிசினஸ் ஜெட் ஒன்று அரபிக் கடலுக்கு மேல் 34,000 அடியில் இருந்தது. எதிரே வந்த ஏர்பஸ் ஏ380 என்ற ராட்சதப் பயணிகள் விமானம் அதற்கு 1,000 அடி மேலே கடந்து போனது. அந்த ஏர்பஸ்ஸின் இறக்கை நுனிகளிலிருந்து சுருண்டு இறங்கும் காற்றுச் சுழல் சற்று நேரத்தில் சேலஞ்சரைப் பிடித்துப் புரட்டியது. பலமுறை உருண்டு, ஏறத்தாழ 9,000 அடி இழந்து, ஒருவழியாக மஸ்கட்டில் இறங்கியது. விமானம் அதற்குப் பிறகு உபயோகத்துக்கே லாயக்கில்லை. (புயல்மேகத்துக்கு மேலே போய்விடலாம் என்ற எண்ணம் மட்டும் நம் பக்கம் பலிக்காது. வெப்பமண்டலத்து இடிமேகம் 50,000 அடியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.)

உயரத்துக்கு ஆசைப்பட்டு அழிந்த கதையும் உண்டு. 2004 அக்டோபர் 14. சேலஞ்சர் பிசினஸ் ஜெட்டிலிருந்து பிறந்த சிஆர்ஜே-200 விமானம் ஒன்று பயணிகள் இல்லாமல் அமெரிக்காவின் லிட்டில் ராக்கிலிருந்து மினியாபொலிசுக்குக் கிளம்பியது. அந்த ரகத்தின் உச்சவரம்பு 41,000 அடி. அதைத் தொட்டுப் பார்க்க இரண்டு விமானிகளுக்கும் ஆசை. நிமிடத்துக்கு இவ்வளவு அடி ஏறு என்று ஆட்டோபைலட்டுக்குக் கட்டளை. அது சொன்னதைச் செய்தது. அதற்கு விலையாக வேகத்தைக் கரைத்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போய்விட்டால், மெதுவாகப் பறக்கத்தான் அதிக உந்துவிசை வேண்டும். மெலிந்த காற்றில் என்ஜினிடம் மிச்ச விசை கிடையாது. மூக்கைக் கவிழ்த்து இறங்குவது ஒன்றே வழி. அவர்கள் இறங்கவில்லை. விமானம் ஸ்டால் ஆகி, இரண்டு என்ஜின்களும் அணைந்து, மீண்டும் பற்றவே இல்லை. மிசூரி மாநிலத்து ஜெஃபர்சன் சிட்டியில் விழுந்து இருவரும் இறந்தார்கள்.

கேபினுக்குள் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. வெளியே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. உள்ளே ஏற்காட்டு மலைமேல் இருக்கும் அழுத்தம். அந்த வித்தியாசம் உடற்கூட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் ஏழரை டன் விசையோடு வெளியே தள்ளுகிறது. அழுத்தம் சட்டென்று போனால் நிதானமாக யோசிக்கப் பத்து வினாடி கிடைக்கும். அதனால் அமெரிக்க விதிப்படி 41,000 அடிக்கு மேலே இரண்டு விமானிகளில் ஒருவர் ஆக்சிஜன் முகமூடியை மாட்டியபடியே ஓட்ட வேண்டும். பின்னால் வெள்ளித் தட்டில் விருந்து. முன்னால் ரப்பர் வாசனை. 1999 அக்டோபர் 25 அன்று கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் சென்ற லியர்ஜெட் 35-இல் இந்த அழுத்தம்தான் போனது. ஆர்லாண்டோவிலிருந்து டல்லஸ் போக வேண்டிய விமானம், யாரும் பதில் பேசாமல், தானாகவே பறந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்த போர் விமானிகளுக்குத் தெரிந்தது உறைபனி படிந்த கண்ணாடிகள் மட்டும். நான்கு மணி நேரம் கழித்து எரிபொருள் தீர்ந்து தெற்கு டகோட்டாவின் வயலில் விழுந்தது. ஆறு பேரும் இறந்தார்கள்.

இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளும் ஒரு கவலை. ஜெட் ஏ என்ற அந்த எரிபொருள் மைனஸ் 40-இல் உறையத் தொடங்கும். வெளியே மைனஸ் 56. ஆனாலும் உறைவதில்லை. விமானம் முட்டித் தள்ளும் வேகத்தில் காற்று அழுந்திச் சூடாகி, இறக்கையின் தோலில் ஏறத்தாழ மைனஸ் 30 ஆகிவிடுகிறது. எரிபொருள் ரொம்பக் குளிர்ந்தால் விமானி செய்வது, கொஞ்சம் வேகமாகப் போவது. மேல் சிவப்பு எல்லை இடம் கொடுத்தால்.

இறங்குவதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். உயரத்தை ஆயிரத்தில் சொல்லி மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல்மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும் என்பது வரும். 51-ஐ மூன்றால் பெருக்கினால் 153. சுமார் 280 கிலோமீட்டர். என்ஜின்களை அடக்கிவிட்டு, முக்கால்வாசி சறுக்கியே வருகிறார்கள். வேகப் பட்டையில் சிவப்பு எல்லைகள் மெல்ல மெல்ல விலகும். சக்கரம் தரையில் பட்டு, கதவு திறந்து, படி இறங்கியதும், அதே விமானி பின்பக்கம் போய்ப் பயணிகளின் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பார்.