14 மாடி, திண்ணை எங்கே?

பாலக்காட்டில் நாங்கள் வடிவமைத்த 14 மாடிக் குடியிருப்பின் படத்தை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வீடு பார்க்க வந்த அம்மா ஒருவர் நெடுநேரம் பார்த்தார். "மரமெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசோணும்னா எங்க உக்கார்றது?" பால்கனியைக் காட்டினேன். "அது என்ற வீட்டுக்குள்ளார அல்ல இருக்குது!"

படத்தில் மரம் வரைவது சுலபம். ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,800 கிலோ. மரம் வைக்க 60 செ.மீ. ஆழத்துக்குக் கொட்டினால் சதுர மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டும். வீட்டுப் பால்கனிக்கு வழக்கமாகக் கணக்கிடும் பளுவோ சுமார் 300 கிலோதான். 'சாவி வாங்கிய பிறகு தொட்டி கட்டிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் காற்று. என் முதல் கட்டடத்தில் மேற்குப் பக்கம், மேல்மாடிகளில் வேப்பங்கன்று வைத்தேன். ஆடி முடிவதற்குள் பாதி சாய்ந்துவிட்டது. உதிர்ந்த இலை வடிகுழாயை அடைத்து, கீழ்வீட்டு சீலிங் ஒழுகியது. தப்பு என்னுடையதுதான். இப்போது மேலே செம்பருத்தி, இட்லிப்பூ மாதிரி குட்டைச் செடிகள் மட்டும், மரத்துக்குத் தரைதான்.

மும்பையில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா குடியிருப்பு, 28 மாடி. மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குத் தோட்டத் தாழ்வாரம் விட்டிருப்பார். வெயிலும் மழையும் நேரே அறைக்குள் இறங்காது. ஆனால் அதுவும் அவரவர் வீட்டுத் தோட்டம்தான்.

அந்த அம்மா கேட்டது பாலக்காட்டின் பழைய அக்கிரகாரமான கல்பாத்தியில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே திண்ணை. படி இறங்காமலே ஊர்க்கதை நடக்கும். அதைத்தான் மேலே ஏற்றினோம்: லிஃப்டை ஒட்டி வடக்கே ஒரு திறந்த இடம், 45 செ.மீ. உயரத் திண்ணை. கணவாயில் காற்று கிழக்கு மேற்காக அடிப்பதால் வடக்கில் அவ்வளவு அறைவதில்லை. தீ விபத்தில் ஆட்கள் இறங்கும் படிக்கட்டு வழியை மட்டும் தொடவில்லை. மாடிக்கு ஒன்று கேட்டோம். "விற்க முடியாத சதுர அடி சார்" என்று பில்டர் இழுத்து, மூன்று மாடிக்கு ஒன்றில் முடிந்தது.

அந்த அம்மா 6ஆவது மாடியில் குடியிருக்கிறார், திண்ணை இருக்கும் மாடி. வடக்குப் பக்கம் வெயிலே வருவதில்லை, வத்தல் காய மாட்டேங்குது என்பதுதான் இப்போது அவருடைய புகார்.