மேசன் வர முந்தி

திருகோணமலையில் டச்சுக் குடாவை அண்டிய ஒரு பழைய வீடு. விறாந்தைச் சுவரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இடுப்பளவுக்குச் சீமெந்து பூசி ஆறு வருஷம்தான். விரலால் தட்டினேன், உள்ளே வெறுமையான சத்தம். ஒரு துண்டு கையோடு கழன்று வந்தது. பின்னால் முருகைக்கல் மாவாக உதிர, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"தம்பி, பலமா இருக்கட்டும் எண்டுதானே பூசினம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

நிலத்து ஈரமும் கடலுப்பும் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் கல்லுக்குள்ளே உப்பைப் படியவிட, உப்பு கல்லை வெடிக்க வைக்கும்.

பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுரிமைக் குழுக்கள் என்றால் இடிக்கிற அன்றைக்குப் பதாகையோடு நிற்பவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தேவை, மேசன் வர ஒரு கிழமை முந்தி அளவுநாடாவோடு வருபவர்கள். அறை அறையாக அளந்து வரைய வேண்டும், கதவு, பிணைச்சல், ஓடு எல்லாவற்றையும் படமெடுக்க வேண்டும், பழைய காணி உறுதியில் வருஷம் தேட வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் பங்காளியோடு பேச வேண்டும். தொல்பொருள் திணைக்களத்துக்கு ஆளும் நேரமும் போதாது. இதையெல்லாம் ஊர்க்காரர்தான் செய்யலாம்.

சட்டமும் எல்லா வீட்டையும் காக்காது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னத்துக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்த நாள். திருகோணமலை 1795இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கண்டியின் திகதி எங்கள் விறாந்தைக்கு அளவுகோல்! அதற்குப் பிந்திய கட்டடத்துக்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். அளவும் படமும் இல்லாமல் அதைக் கேட்கவே முடியாது.

குழுவுக்குள்ளும் சண்டை வரும். ஒருவருக்கு வெள்ளைக்காரன் கட்டியது வேண்டாம், இன்னொருவருக்கு விறாந்தையில் கோயில் தூண் வேண்டும். அப்போது இங்கே திருகோணமலையிலுள்ள பிரட்றிக் கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போவேன். 1622இல் இடித்த கோணேசர் கோயிலின் கல்லை எடுத்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, பின்பு ஒல்லாந்தர் திருத்தியது, 1803இல் ஆங்கிலேயர் பெயர் வைத்தது. வாசல் நிலைக்கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னமும் தமிழ் எழுத்தும் இன்னும் இருக்கின்றன. எந்தக் காலத்தைச் சுரண்டி எடுப்பது? பழைய சின்னங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் எல்லாக் காலத்துப் பங்களிப்பையும் மதிக்கச் சொல்கிறது, ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பை நிறுத்தவும் சொல்கிறது. தூண் கேட்டவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த வீட்டில் சீமெந்தைக் கொத்தி எடுத்தாயிற்று. சுவர் காய்கிறது, முற்றத்துக் குழியில் சுண்ணாம்பு ஊறுகிறது. மேசன் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். மழைக்கு முதல் முடிக்க வேணுமாம்.